ஜனவரியில் ப்ரூஜ்: படகு ஏன் பதிவாகவில்லை?

பெல்ஜியத்திலுள்ள ப்ரூஜ் நகரில் ஜனவரி வார இறுதிக்குக் கால்வாய்ப் படகு முன்பதிவு செய்யப் பார்த்தும் முடியவில்லை, பணம் கட்டும் கார்டில் கோளாறா என்று கேட்டிருக்கிறீர்கள். கோளாறு உங்கள் கார்டில் இல்லை. ப்ரூஜ் கால்வாய்ப் படகுகள் ஒழுங்காக ஓடுவது மார்ச்சிலிருந்து நவம்பர் நடுப்பகுதி வரைதான். ஜனவரி சனி, ஞாயிறுக்குத் தேதியே காட்டாததற்கு அதுதான் காரணமாக இருக்கும்.

குளிர்காலத்திலும் வானிலையைப் பார்த்துச் சில வார இறுதிகளில் ஓட்டுவதுண்டு. சனிக்கிழமை காலை படகுத்துறைக்கு நேரில் போய்ப் பாருங்கள். ஓடினால் லாபம், இல்லையென்றால் ரோஸன்ஹூட்காய் என்ற கால்வாய்க் கரையோரம் நடந்தாலே பாதிக் காட்சி கிடைத்துவிடும்.

படகுக்கு ஒதுக்கிய நேரத்தை க்ரூனிங்க அருங்காட்சியகத்துக்குக் கொடுங்கள். யான் வான் ஐக் 1436-இல் முடித்த மாதா ஓவியம் அங்கே இருக்கிறது. அதில் மண்டியிட்டிருக்கும் பாதிரியார் கையிலுள்ள மூக்குக்கண்ணாடியைக் கிட்டப் போய்ப் பாருங்கள். என்னைக் கேட்டால், படகைவிட இதுவே மேல்.

அம்மாவுக்கு முழங்கால் வலி என்கிறீர்கள். அப்படியென்றால் மணிக்கூண்டு வேண்டாம்: 366 படிகள், மேலே போகப் போகக் குறுகலாகும், லிஃப்ட் கிடையாது. நீங்கள் மட்டும் ஏறுவதானால் முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.

அப்புறம், மாலை 5 மணிவாக்கில் பொழுது சாய்ந்துவிடும். வெளியே பார்க்க வேண்டியதை மதியத்துக்குள் முடியுங்கள். கல் பாவிய தெருக்கள் ஈரத்தில் வழுக்கும், நல்ல பிடிப்புள்ள ஷூ அவசியம்.