தண்ணீரின் தாழ்ப்பாள்

அன்புள்ள ஐயா,

மதுரைக்கு வெளியே நாலுவழிச் சாலையை ஒட்டிய ஒரு கிராமத்தில் இருக்கிறேன். கிராமம் என்று பெயர்தான், பாதிக்கு மேல் பிளாட்டுகள். பழைய ஊர்க்காரர்களும் புதிதாகக் குடிவந்தவர்களும் சேர்ந்து, சித்திரையில் அழகர் மலைக்குத் திரும்பியதும் ஒருநாள் விழா எடுக்கிறோம். கோலப்போட்டி, உறியடி, பிள்ளைகளுக்கு மாறுவேடம், சாப்பாட்டுக் கடைகள் எல்லாம் உண்டு. கூடவே பாரம்பரியத்துக்காகச் சில வேலைகள்: ஊர் எல்லையில் அலங்கார வளைவு, ரேஷன் கடைச் சுவரில் ஜல்லிக்கட்டு ஓவியம். கண்மாய்க்குள் கேட்பாரற்று நிற்கும் இரண்டு பழைய கல்தூண்களைக் கிரேன் வைத்துத் தூக்கிவந்து, வளைவுக்குப் பக்கத்தில் நட்டு, பெயின்ட் அடித்து விளக்குப் போடப்போகிறோம். கிரேனுக்கு முன்பணமும் கொடுத்தாயிற்று.

என் கேள்வி இதுதான். ஊர் வரலாற்றை 32 பக்கத்தில் சிறு புத்தகமாகப் போடுகிறோம். எங்கிருந்து தொடங்குவது? பாண்டியர்களிலிருந்து என்கிறார் ஒருவர், திருமலை நாயக்கரிலிருந்து என்கிறார் இன்னொருவர். இளைஞர்கள் விழாவுக்கு ‘ஸ்பிரிங் ஃபெஸ்ட்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நல்ல தமிழ்ப்பெயர் ஒன்று சொல்லுங்கள். நீங்களே வந்து தொடங்கிவைத்தால் மகிழ்வோம்.

(பெயரும் ஊரும் வெளியிட வேண்டாம்)

—

அன்புள்ள நண்பருக்கு,

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். என்னால் வர முடியாது, முழங்கால் வலி. சித்திரை வெயிலில் மதுரையில் ‘ஸ்பிரிங்’ என்று பேனர் கட்டினால் கட்டுகிற பையனுக்கே சிரிப்பு வரும். இளவேனில் விழா என்று வையுங்கள், வசந்த விழா என்று வையுங்கள். மீனாட்சி கோயிலுக்கு எதிரே புது மண்டபம் இருக்கிறதே, அதற்கு இன்னொரு பெயர் வசந்த மண்டபம். வசந்த விழாவுக்காக நாயக்கர் கட்டியது. பெயருக்குப் பஞ்சமில்லை. ஜல்லிக்கட்டு ஓவியம் வரைந்துகொள்ளுங்கள், மாவட்டத்தில் மாடு பாயாத சுவர் குறைவு. வளைவைப் பற்றி எனக்கு எந்த அபிப்பிராயமும் இல்லை.

அந்தத் தூண்கள் விஷயம்தான் வேறு. கேட்பாரற்று நிற்கின்றன என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு சொல்லுக்காகத்தான் உட்கார்ந்து இந்தப் பதிலை எழுதுகிறேன்.

போன வாரம் எங்கள் ஊருக்குப் போயிருந்தேன், மேலூர்ப் பக்கம். டீக்கடை வாசலில் உட்காருவதற்கு ஒரு கற்பலகை போட்டிருந்தார்கள். நடுவில் வட்டமாக ஓர் ஓட்டை. பக்கத்தில் இருந்தவர் பேச்சுவாக்கில் டீ கிளாஸை அந்த ஓட்டைக்குள் வைத்தார். அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது. எனக்கு டீ இறங்கவில்லை. அந்தக் கல் எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும். பத்து வயதில் அதன்மேல் ஏறி நின்று அத்தையிடம் அடி வாங்கியிருக்கிறேன்.

பங்குனி பிறந்து கண்மாய்த் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் மீன்பிடித் திருவிழா. முந்தின நாளே சுற்றுவட்டாரத்துக்குச் சொல்லிவிடுவார்கள். விடிவதற்கு முன்பே கரை முழுக்க ஆள். கச்சா, ஊத்தா, வலை, ஒன்றும் கிடைக்காதவன் கையில் கொசுவலை. ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும் அத்தனை பேரும் ஒன்றாக இறங்குவோம். விரால் ஒருத்தன் ஊத்தாவுக்குள் மாட்டினால் உள்ளே கை விட்டுப் பிடிப்பதற்குள் பத்துப் பேர் யோசனை சொல்வார்கள். பிடித்த மீனை விற்கக்கூடாது, வீட்டில் குழம்பு வைக்க வேண்டும். அன்று ஊரில் எந்தத் தெருவில் நடந்தாலும் ஒரே வாசனை.

அந்தக் கூட்டத்தில் கால் வைக்க இடமில்லாமல்தான் நான் தூணின் குறுக்குக்கல்லில் ஏறினேன். ஊர் நீர்ப்பாய்ச்சி கீழே நின்று கத்தினார்: “எறங்குடா. அது தண்ணிக்குத் தாப்பா.”

தண்ணீரின் தாழ்ப்பாள். இதைவிடச் சரியாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

நேரில் பார்க்காமலே சொல்கிறேன், உங்கள் கண்மாயில் நிற்பதும் அதுவாகத்தான் இருக்கும். குமிழித்தூம்பு என்பார்கள். கரையிலிருந்து உள்ளே தள்ளி, ஆழமான இடத்தில் இரண்டு தூண். நடுவே அடுக்கடுக்காகக் குறுக்குப் பலகைகள், ஒவ்வொன்றிலும் ஓட்டை. அந்த ஓட்டைகள் வழியாக ஒரு தண்டு இறங்கும். தண்டின் நுனியில் குமிழ். கீழே கல் தொட்டி, அதன் மேல்வாய்க்கு நீரோடி என்று பெயர். அதைக் குமிழ் அடைத்திருக்கும். தண்டைத் தூக்கினால் தண்ணீர் தொட்டிக்குள் பாய்ந்து, கரைக்கு அடியில் போகும் சுரங்கக் கால் வழியாக வயல் வாய்க்காலுக்குப் போகும். தொட்டியின் அடியில் சிறு துளைகளும் உண்டு. அவற்றுக்குச் சேறோடி என்று பெயர். மேலே நீரோடி தண்ணீரை விடும்போது கீழே சேறோடி வண்டலை இழுத்து வயலுக்கு அனுப்பும். பயிருக்கு உரமும் ஆச்சு, கண்மாய் தூர்ந்துபோவதும் குறைந்தது. கதவு கரையில் இல்லாததால் கரைக்கும் பலவீனம் இல்லை. இதைப் பாண்டிய நாட்டில் ஆயிரம் வருடங்களுக்கு முன்னாலேயே செய்து வைத்திருக்கிறார்கள்.

இப்போது சொல்லுங்கள், கிரேன் எதைத் தூக்கும்? தூணைத்தான் தூக்கும். தொட்டி உடையும், சுரங்கக் காலின் வாய் மண்ணுக்குள் புதையும். உங்கள் கையில் மிஞ்சுவது இரண்டு கல். வீட்டை இடித்துவிட்டுத் தாழ்ப்பாளை மட்டும் எடுத்துவந்து வாசலில் தொங்கவிட்டு, இது எங்கள் பாரம்பரியம் என்பதுபோல. அதற்கு மஞ்சள் பெயின்ட் வேறு!

கொஞ்சம் அதிகமாகத் திட்டுகிறேனோ? இருக்கட்டும். உங்கள் மேல் உள்ள கோபம் பாதிதான். எங்கள் ஊர்க் கல்லைத் தூக்கிக்கொண்டு போனபோது நான் சென்னையில் உட்கார்ந்து பாரம்பரியத்தைப் பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். மீதிக் கோபம் அதற்கு.

அந்த நீர்ப்பாய்ச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். (இந்த இடத்தில் யாராவது, மடையன் என்ற சொல்லே மடை திறப்பவரிடமிருந்துதான் வந்தது என்று வாட்ஸப்பில் அனுப்புவார்கள். தயவுசெய்து வேண்டாம், எனக்கு நூறு தடவை வந்துவிட்டது.) ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் பெருகி மறுகால் பாயும்போது தூணின் தலை மட்டும்தான் வெளியே தெரியும். தண்டு சிக்கிக்கொண்டால் அவர்தான் நீந்திப் போய் முங்க வேண்டும். ஒரு தடவை அவர் முங்கினதைக் கரையில் நின்று பார்த்தேன். மூச்சை அடக்கிக்கொண்டு நானும் மனசுக்குள் எண்ணினேன். என்னால் முடியாமல் நான் மூச்சு விட்டபிறகும் அவர் வரவில்லை. அப்புறம் தூணுக்கு அந்தப் பக்கம் தலை தெரிந்தது. கரையேறி, குளிரில் நடுங்கிக்கொண்டே முதலில் கேட்டது பீடி. எந்த வயலுக்கு எத்தனை நாழிகைத் தண்ணீர் என்ற கணக்கு முழுக்க அவர் தலைக்குள் இருந்தது. காகிதத்தில் ஒரு வரி கிடையாது. கூலி, களத்தில் அளக்கிற நெல். அவர் வீடு ஊருக்குள் இல்லை, கோயில் திருவிழாவில் மண்டகப்படியும் இல்லை. ஊருக்கே தண்ணீர் பிரித்துக் கொடுத்தவருக்கு டீக்கடையில் தனி கிளாஸ்.

உங்கள் 32 பக்கத்தில் இவருக்கு எத்தனை பக்கம்? நன்கொடையாளர் படங்களுக்கு எத்தனை ஒதுக்கியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் ஊரிலும் ஒருவர் இருந்திருப்பார். அவர் பேரன் இன்றைக்கு ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருப்பார், இல்லையென்றால் உங்கள் பிளாட்டில் வாட்ச்மேனாக இருப்பார். விழாக் குழுவில் அவரைச் சேர்த்தீர்களா?

ஆமாம், எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். பாண்டியரா நாயக்கரா என்ற சண்டையை விட்டுவிடுங்கள். பாண்டியர் கல்வெட்டுகளில் மதுரையை எப்படிக் குறிப்பிடுகிறார்கள் தெரியுமா? ‘மாடக்குளக்கீழ் மதுரை’. மாடக்குளம் கண்மாய்க்குக் கீழே இருக்கிற மதுரை. ராஜாவின் தலைநகருக்கே விலாசம் ஒரு கண்மாய்! உங்கள் ஊர் எந்தக் கண்மாய்க்குக் கீழ் என்பதை முதல் வரியாக எழுதுங்கள். அப்புறம் கிராம நிர்வாக அலுவலரிடம் நில விவரம் உள்ள ‘அ’ பதிவேட்டையும் புலப்படங்களையும் கேட்டுப் பாருங்கள். ஊரில் எண்பது தாண்டிய பெண்கள் யாராவது இருந்தால் மடைகளின் பெயரை அவர்களிடம் கேளுங்கள். ஆண்கள் வழக்கு நடந்த வருஷத்தைத்தான் சொல்வார்கள்.

இன்னொன்று. கோடையில் கண்மாய் வற்றியதும் ஊர் கூடித் தூர்வாருவது, கரை கட்டுவது எல்லாம் குடிமராமத்து. 1858-ல் கிழக்கிந்தியக் கும்பினி அரசு அந்த வழக்கத்துக்கு ஒரு சட்டமே போட்டது. 2017-ல் தமிழக அரசு அதே பெயரில் திட்டம் கொண்டுவந்தது. ஆக, சித்திரையில் ஊர் கூடுவது உங்கள் விழாக்குழு கண்டுபிடித்த விஷயமில்லை. உறியடியை வேண்டாம் என்று சொல்லவில்லை, பிள்ளைகள் ஆசைப்படுவார்கள். அன்று காலை ஒரு மணி நேரம் அவர்களைக் கண்மாய்க்குள் கூட்டிப்போய்த் தூணைச் சுற்றி உள்ள சீமைக்கருவேலத்தை வெட்டுவதைக் காட்டுங்கள். முள் ஜாக்கிரதை.

கிரேன் முன்பணம் போனால் போகட்டும். பங்குனி வெயில் உங்களுக்குச் சாதகம், தண்ணீர் இறங்கியிருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குள் போய்விடுங்கள், வெயில் சாய்வாக விழும்போதுதான் தேய்ந்த எழுத்து தெரியும். இத்தகைய தூண்களில் தூம்பு செய்து கொடுத்தவர் பெயரைப் பொறித்து வைப்பதுண்டு. எழுத்து இருந்தால் சுரண்டாதீர்கள், ஆசிட் ஊற்றாதீர்கள், சாக்பீஸ் தடவாதீர்கள். வெறும் தண்ணீர் தெளித்துவிட்டு, நான்கு முகத்தையும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். எழுத்தைத் தாளில் மைப்படி எடுக்கத் தொல்லியல் துறைக்கு எழுத வேண்டுமா என்று பிறகு பார்க்கலாம். படத்தில் அளவு தெரிய, பக்கத்தில் ஒரு பேனாவை வையுங்கள். ஆள் நிற்க வேண்டாம்.