அந்த ஒரு கால் வீக்கத்தை இன்னைக்கே காட்டுங்க

உங்க லெட்டர் படிச்சேன். கீமோ எடுத்துக்கற உங்க அம்மாவோட இடது காலை இனிமே யாரும் தடவ வேண்டாம். நீங்களும் வேண்டாம், ஆஸ்பத்திரில மசாஜ் குடுக்க வர்ற அந்த தெரபிஸ்ட்டும் வேண்டாம். மிச்சத்தை அப்புறம் படிச்சுக்கலாம், முதல்ல கீமோ போடுற இடத்துக்கு போன் பண்ணி "ரெண்டு நாளா ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கு, கெண்டைக்கால் வலிக்குது"ன்னு இதே மாதிரி சொல்லுங்க. போன் எடுக்கலன்னா நேரா எமர்ஜென்சிக்கு கூட்டிட்டு போங்க.

பண்ணியாச்சா? சரி, இப்ப பேசலாம்.

நாலு பக்கம் எழுதியிருக்கீங்க. சினைப்பை கேன்சர், மூணு சைக்கிள் கீமோ முடிஞ்சாச்சு, போற தடவையெல்லாம் தெரபிஸ்ட் பாதத்துல மசாஜ் குடுக்கறாங்க, அம்மாவும் அதுல கொஞ்சம் கண் அசர்றாங்க, அதைப் பாத்து வீட்லயும் ராத்திரி நீங்க கால் பிடிச்சு விடுறீங்க. அப்புறம் சொந்தக்காரர் ஒருத்தர் வந்து, தேய்ச்சா கேன்சர் உடம்பு பூரா பரவிடும்னு ஏதோ வீடியோவை காட்டிட்டு போயிட்டாரு. பத்து கேள்வி கேட்டிருக்கீங்க, ஆனா உள்ள இருக்கறது ஒண்ணுதான்: நான் கைய வெச்சதாலதான் அம்மாவுக்கு பரவிடுச்சோ?

இல்லம்மா. ரத்தமும் நிணநீரும் நீங்க தேய்ச்சாலும் தேய்க்காட்டியும் நாள் பூரா ஓடிக்கிட்டேதான் இருக்கு, அம்மா பாத்ரூம் வரைக்கும் நடந்தாலே கால் தசை பிழியறதுல அது வேகமா போகும், அப்படி அமுக்கறதால பரவும்னா கேன்சர் பேஷன்ட்டை தினம் நடங்கன்னு நாங்க சொல்லவே மாட்டோம். ஒரு செல் கிளம்பி வேற இடத்துல போய் ஒட்டி வளரணும்னா அதுக்குள்ள ஏகப்பட்ட மாற்றம் நடக்கணும், அதை உங்க கை பண்ணாது. கட்டி இருக்கற இடம், ரேடியேஷன் பட்ட தோல், கீமோ ஏத்த தோலுக்கு அடியில போர்ட் வெச்ச இடம், எலும்புல பரவியிருந்தா அந்த எலும்பு, இங்கெல்லாம் அமுக்கக்கூடாது, ரத்தத்தை உறைய வைக்கற பிளேட்லெட் அணுக்கள் 50 ஆயிரத்துக்கு கீழ போனா மெதுவா தடவறதோட சரி. பயிற்சி எடுத்த தெரபிஸ்ட்டுக்கு இதெல்லாம் தெரியும், உங்களுக்குத்தான் யாரும் சொல்லல.

இப்ப அந்த கால். மூணாவது பக்கத்துல, அதுவும் அடைப்புக்குறிக்குள்ள, "இடது கால் கொஞ்சம் வீக்கம், நல்லா நீவி விட்டா சரியாயிடுமா"ன்னு போட்டிருக்கீங்க பாருங்க, என்னை உக்கார விடாதது அந்த ஒரு வரிதான். கேன்சர் இருக்கறவங்களுக்கு கால் ரத்தக்குழாய்ல ரத்தம் கட்டிக்கற வாய்ப்பு மத்தவங்களை விட நாலுல இருந்து ஏழு மடங்கு அதிகம், சினைப்பை கேன்சர்ல அதை நாங்க அடிக்கடி பாக்கறோம், கீமோவும் படுத்தே கிடக்கறதும் இன்னும் கூட்டும். டிவிடின்னு சொல்வோம், படம் பாக்கற டிவிடி இல்ல, ஆழத்துல இருக்கற பெரிய சிரைல ரத்தம் உறையறது. அந்த காலை நீவினா அந்த ரத்தக்கட்டி பிச்சுக்கிட்டு நுரையீரலுக்கு போய் அடைக்கலாம்.

டேப் இருந்தா முழங்காலுக்கு கீழ ரெண்டு பக்கமும் ஒரே உயரத்துல சுத்தி அளந்து பாருங்க, 3 சென்டிமீட்டருக்கு மேல வித்தியாசம் வந்தா எங்களுக்கு சந்தேகம் பலமாகும். ஆனா அளவு ஒண்ணா இருக்குன்னு வீட்லயே இருந்துடாதீங்க, முடிவு சொல்றது ரத்த ஓட்டத்தை பாக்கற டாப்ளர் ஸ்கேன்தான். திடீர்னு மூச்சு வாங்கறது, மூச்சை இழுத்தா நெஞ்சுல குத்தறது, இருமினா ரத்தம், இதுல ஒண்ணு வந்தாலும் ஸ்கேனுக்கு காத்திருக்காம ஆம்புலன்ஸ். ரத்தக்கட்டி இருந்தா ரத்தம் உறையாம இருக்க ஊசியோ மாத்திரையோ குடுப்பாங்க, பெரும்பாலும் கீமோவை நிறுத்த வேண்டி வராது. அதுவரைக்கும் வலிக்கு நீங்களா மாத்திரை வாங்கி குடுக்காதீங்க.

மத்ததெல்லாம் சின்ன விஷயம். நகம் கருக்கறது கீமோவால, பயப்பட ஒண்ணும் இல்ல. அவங்க கூட ஒரே பெட்ல படுத்தா ஒட்டாது. வாந்திக்கு மணிக்கட்டுல கட்டற பேண்ட், உள்ளங்கைக்கு கீழ மூணு விரல் தள்ளி அமுக்கற அந்த புள்ளி, அது பாட்டுக்கு இருக்கட்டும், வாந்தி மாத்திரையோட சேத்து. ஆனா அந்த "இயற்கை" கேப்சூல்? வீடியோ பாத்து மூணு டப்பா வாங்கியிருக்கீங்க, கீமோ டாக்டர்கிட்ட சொல்லவும் இல்ல. மஞ்சள்ல இருக்கற கர்க்யூமின் மாதிரி சாறு எடுத்து அடைச்ச மாத்திரை ரத்தக்கசிவை கூட்டலாம், சில பேருக்கு கல்லீரலையே கெடுத்திருக்கு, நாளைக்கு டிவிடிக்கு மருந்து ஆரம்பிச்சா என்ன ஆகும்னு யோசிச்சு பாருங்க. இயற்கைன்னு லேபிள்ல போட்டா கல்லீரலுக்கு படிக்கத் தெரியாது. மூணு டப்பாவையும் கைல எடுத்துட்டு போங்க.

மிச்சம் கீமோவை விட்டுட்டு அக்குபஞ்சரும் மசாஜுமே போதும்னு அந்த சொந்தக்காரர் சொல்றாராமே, அதுக்கு ஒரு வார்த்தை. 2018ல அமெரிக்காவுல 1290 பேர் ரெக்கார்டை வெச்சு ஒரு ஆய்வு வந்துது, வழக்கமான சிகிச்சையோட இந்த மாதிரி கூடுதல் சிகிச்சையும் எடுத்தவங்கள்ல இறப்பு ரிஸ்க் ரெண்டு மடங்கு, ஏன்னு பாத்தா பெரும்பாலும் அவங்க ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன்ல ஏதோ ஒண்ணை வேண்டாம்னு சொன்னதுதான். மசாஜ் யாரையும் கொல்லல. கீமோவோட இருந்தா நல்லது, கீமோவுக்கு பதிலா வந்தா அம்மாவுக்கு ஆபத்து.

கடைசியா, தெரபிஸ்ட் உங்களையும் மசாஜுக்கு அரை மணி நேரம் படுக்க சொன்னாங்க, அம்மா கஷ்டப்படும்போது எனக்கு எதுக்குன்னு வேண்டாம்னுட்டேன்னு எழுதியிருக்கீங்க, வார்டு நர்ஸ் ஒருத்தங்க கை நீட்டி மசாஜ் வாங்கிட்டு இருந்ததைப் பாத்து கோவமும் வந்துச்சு. அந்த நர்ஸ் பன்னெண்டு மணி நேரம் நின்னு, அன்னைக்கு ஒரு படுக்கை காலியானதையும் பாத்திருப்பாங்க. கூட இருக்கறவங்களுக்கும் ஸ்டாஃபுக்கும் சேத்துதான் பல இடத்துல இதை வெச்சிருக்காங்க. நீங்க நாலு மாசமா மூணு மணி நேரம் தூங்கறீங்க, கால் வீக்கத்தை அடைப்புக்குறிக்குள்ள போட்டது அதனாலதான்னு நினைக்கறேன். அடுத்த தடவை கூப்பிட்டா போய் படுங்க. இன்னைக்கு டாப்ளர்.