சானலில் வெள்ளம் வரவில்லை, சானல்காரர்கள் வந்தார்கள்

கேள்வி: தேர்தல் பிரச்சாரத்தில் எப்படியோ மாட்டிக்கொள்ளும் சாதாரண ஆட்களின் சொந்த வாழ்க்கையை ஊடகங்கள் தோண்டித் துருவுவது சரியா?

எங்கள் குடும்பத்தில் நடந்ததைச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன்.

எங்கள் மாமி, அதாவது அம்மாவின் அண்ணன் மனைவி, குமரி மாவட்டம் கொல்லங்கோடு பக்கம் இருக்கிறார். அறுபது தாண்டியவர். முப்பது வருஷம் அண்டி ஆபீசில் கொட்டை உடைத்த கை. (முந்திரி ஆலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்.) 2024 மக்களவைத் தேர்தல் நேரம், வாக்குப்பதிவுக்குப் பத்து நாள் இருந்திருக்கும். ஒரு வேட்பாளர் திறந்த ஜீப்பில் ஊருக்குள் வந்தார். எந்தக் கட்சி என்று சொல்ல மாட்டேன். சொன்னால் மற்றதை யாரும் படிக்க மாட்டீர்கள்.

மாமி கடையில் மரச்சீனிக் கிழங்கு வாங்கிக்கொண்டு கலுங்கு (சிறு பாலம்) ஓரமாக வந்துகொண்டிருந்தார். எதிரே மினி பஸ் வந்ததால் ஜீப் நகர முடியாமல் சரியாக அவர் பக்கத்தில் நின்றது. அவ்வளவுதான் விஷயம். அந்த மினி பஸ் இரண்டு நிமிஷம் முன்னால் போயிருந்தால் இந்தப் பதிலை எழுத எனக்கு ஒன்றும் இருந்திருக்காது. வேட்பாளர் கும்பிட்டார். மாமி கிழங்குப் பையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு கேட்டார்:

"சாரே, சானல்ல வெள்ளம் வந்து இருவது வருசம் ஆச்சு. ஒவ்வொரு எலெக்சனுக்கும் வெள்ளம் வரும் வெள்ளம் வரும்னு சொல்லுதீங்க. எப்பம் வரும்?"

அவர் சிரித்துக்கொண்டே "கண்டிப்பா அம்மா" என்றார். பஸ் விலகியது, ஜீப் போய்விட்டது.

இங்கே வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு வார்த்தை. விளவங்கோடு தாலுகாவில் வெள்ளம் என்றால் தண்ணீர். குடிக்கிற தண்ணீரும் வெள்ளம்தான், குளிக்கிறதும் வெள்ளம்தான். சானல் என்றால் கால்வாய். மாமி சொன்னது நெய்யாறு இடதுகரைச் சானலை. கேரளத்தில் இருக்கும் நெய்யாறு அணையிலிருந்து அதன் வழியாக எங்கள் தாலுகாவில் 9,200 ஏக்கருக்குப் பாசனம் இருந்தது. 2004இல் கேரளம் தண்ணீரை நிறுத்தியது. 2012இல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றம் போனது. சானலில் இப்போது புல்லும் பிளாஸ்டிக் கவரும் கிடக்கின்றன. ஆகவே மாமி சொன்ன இருபது வருஷம் துல்லியமான கணக்கு.

ஒரு பையன் அதைக் கைப்பேசியில் எடுத்திருந்தான். அதை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டவன் நான். அங்கிருந்து மற்ற குழுக்களுக்குத் தள்ளிவிட்டவனும் நான்தான். பெருமையாக இருந்தது, மறைக்கவில்லை.

இரண்டாம் நாள் அது எதிர்த்தரப்புக்காரர்கள் கைக்குப் போய், பின்னணியில் தடதடவென்று இசை சேர்ந்து, 'வேட்பாளரை ஓடவிட்ட வீரத்தாய்' ஆகிவிட்டது. யாரும் ஓடவில்லை. மூன்றாம் நாள் வேறொரு பக்கத்திலிருந்து: 'வெள்ளம் எப்போது வரும்? வேட்பாளரிடம் பெண் கேட்ட விபரீதக் கேள்வி!' நாலு மாதம் முன்னால், 2023 டிசம்பரில்தான் நெல்லையும் தூத்துக்குடியும் மழைவெள்ளத்தில் முங்கி எழுந்திருந்தன. அந்த நேரத்தில் ஒரு பெண்மணி வெள்ளம் வரவில்லையே என்று கவலைப்பட்டால் எப்படி இருக்கும்? திட்டித் தீர்த்துவிட்டார்கள். எங்கள் ஊர்த் தமிழைத் தெரிந்துகொள்ள அந்த எடிட்டருக்கு ஒரு போன் போதும். அதைத்தான் செய்யவில்லை.

அதற்கப்புறம் வீட்டுக்கு வந்தார்கள். அந்த வாரம் மாமா சொன்ன ஒரு வரி எங்கள் குடும்பத்தில் இன்னும் ஓடுகிறது: "சானல்ல வெள்ளம் வரல்ல, சானல்காரனுவ வந்துட்டானுவ."

வந்தவர்களில் ஒருவர் நல்ல மாதிரி. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்து, சானல் எங்கே என்று கேட்டு, போய்ப் பார்த்துப் படம் எடுத்தார். அது வெளிவந்ததாகத் தெரியவில்லை. இன்னொருவர் சானல் பக்கமே போகவில்லை. அவருடைய கேமரா வீட்டுக்குள் போனது. தரையில் டைல்ஸ், டபுள் டோர் பிரிட்ஜ், சுவரில் மஸ்கட்டில் இருக்கும் மகனின் கல்யாணப் படம், முற்றத்துக் கொடியில் காயப்போட்ட ரப்பர் ஷீட். அந்த ஷீட்டைக் கண்டதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"ஏம்மா, உங்களுக்கு வயலே இல்லையே. ரப்பர்தானே இருக்கு? அப்புறம் தண்ணி எதுக்கு?"

மாமி சொன்னார்: "வெள்ளம் இல்லாததுனாலதானே மக்களே ரப்பர்."

இதைவிடச் சுருக்கமாக நெய்யாற்று விவகாரத்தை யாரும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. ஏலா (வயல்வெளி) முழுக்க நெல் இருந்தது. தண்ணீர் நின்ற பிறகு வாழை, மரச்சீனி, கடைசியில் ரப்பர். மாமிக்கு இருப்பது முப்பத்தைந்து சென்ட். ஆனால் ஒளிபரப்பில் கேள்வி இருந்தது, பதில் இல்லை. 'வயலே இல்லாதவர் கேட்ட பாசனத் தண்ணீர்! பின்னணி என்ன?' என்று தலைப்பு.

நான் மார்த்தாண்டத்தில் இ-சேவை மையம் வைத்திருக்கிறேன். அந்த வாரம் இதே தொழில் செய்யும் ஒரு நண்பர் போன் பண்ணினார். கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய ஒருவர் சர்வே எண்ணோடு வந்து மாமா பெயரிலுள்ள பட்டாவைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனாராம். சட்டப்படி இதில் தப்பில்லை. சர்வே எண் தெரிந்தால் யாருடைய பட்டாவையும் இணையத்தில் பார்க்கலாம். நிலம் வாங்குகிறவன் ஏமாறக்கூடாது என்பதற்காகத் திறந்து வைத்த கதவு அது. தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டவள் வீட்டில் எத்தனை சென்ட் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க அதே கதவு வழியாகப் போகிறார்கள்.

இதைப் படிக்கும்போது சிலருக்கு அமெரிக்காவின் 'ஜோ தி பிளம்பர்' ஞாபகம் வந்திருக்கும். 2008 அக்டோபரில் ஒஹாயோ மாநிலத்தில் ஒபாமா வீடு வீடாக ஓட்டுக் கேட்டுப் போனபோது ஒருவர் அவரை நிறுத்தினார். நான் வேலை செய்யும் குழாய் கம்பெனியை வாங்கப் போகிறேன், வருஷம் இரண்டரை லட்சம் டாலருக்கு மேல் வரும், உங்கள் திட்டத்தில் எனக்கு வரி கூடுமா என்று கேட்டார். சில நாளில், அக்டோபர் 15ஆம் தேதி விவாத மேடையில், ஒபாமாவை எதிர்த்து நின்ற மெக்கெய்ன் அவரை 'ஜோ தி பிளம்பர்' என்று இழுத்தார். அன்று இரவு இரண்டு வேட்பாளர்களும் சேர்ந்து அந்தப் பெயரை இருபது தடவைக்கு மேல் சொன்னார்கள். மறுநாள் காலையில் அவர் வீட்டு வாசலில் நிருபர் கூட்டம். பிளம்பர் உரிமம் இல்லை, ஆயிரத்துச் சொச்சம் டாலர் வரிபாக்கி, விவாகரத்து வழக்கு, எல்லாம் வெளியே வந்தது.

இதில் ஒன்றை நான் ஒப்புக்கொள்கிறேன். அவர் உண்மையில் அந்தக் கம்பெனியை வாங்கும் நிலையில் இருந்தாரா, ஒபாமாவின் வரி அவரைத் தொட்டிருக்குமா என்று பார்த்தது நிருபர் வேலைதான். அவர் வைத்த வாதமே தன் வருமானத்தைப் பற்றியது. அதை ஒரு வேட்பாளர் நாடு முழுக்கக் காட்டி ஓட்டுக் கேட்கிறார். சோதிக்க வேண்டியதுதான். விவாகரத்து எங்கே வந்தது? அந்த வாதத்துக்கும் அதற்கும் என்ன ஒட்டுறவு?

அங்கே நடந்த வேறொன்றுதான் எனக்கு உறைத்தது. ஒஹாயோ அரசுத் துறை ஒன்றின் தலைமை அதிகாரி, அரசுக் கணினியில் அந்த ஆளின் பதிவுகளைத் தேடிப் பார்க்க அனுமதி கொடுத்திருக்கிறார். விசாரணை நடந்தது, அவரைச் சஸ்பெண்ட் செய்தார்கள், அந்த வருஷம் டிசம்பரிலேயே பதவி விலகினார். பிறகு இதற்கென்று அந்த மாநிலத்தில் ஒரு சட்டமும் வந்தது. ஜோ அப்புறம் அரசியலிலேயே இறங்கி, 2012இல் நாடாளுமன்றத்துக்கு நின்று தோற்றார். 2023இல் இறந்துபோனார். செய்திகளில் கடைசிவரை அவர் பிளம்பர்தான்.

நம் ஊரிலும் சட்டம் இல்லாமல் இல்லை. 1994இல் ராஜகோபால் வழக்கு என்று ஒன்று. கொலை வழக்கில் சிறையில் இருந்த ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் பத்திரிகை வெளியிடுவதைச் சிறைத்துறை அதிகாரிகள் தடுக்கப் பார்த்ததால் உச்ச நீதிமன்றம் போனது. பத்திரிகைக்காரர்கள் தங்கள் வெற்றியாக நினைவில் வைத்திருக்கும் தீர்ப்பு, நியாயம்தான். ஆனால் அதே தீர்ப்பில், ஒரு குடிமகனுக்கு என்னைச் சும்மா விடு என்று சொல்லும் உரிமை இருக்கிறது, அவருடைய குடும்பம், கல்யாணம், பிள்ளைகள் பற்றி அவர் சம்மதம் இல்லாமல் எழுதக்கூடாது என்றும் இருக்கிறது. கூடவே விதிவிலக்கும் உண்டு: பொது ஆவணத்தில் இருப்பதை எழுதலாம்; தானாக ஒரு சர்ச்சைக்குள் போய் விழுந்தவர் விஷயம் வேறு. 2017இல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொன்னபோதும் இந்தத் தீர்ப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் பேசினார்கள்.

இந்தத் 'தானாக விழுந்தவர்' என்கிற இடத்தில்தான் எல்லா வக்கீல்தனமும் நடக்கிறது. எங்கள் மாமி தானாக விழுந்தாரா? வேட்பாளர் ஓட்டுக் கேட்டு அவர் தெருவுக்கு வந்தார். மாமி வேட்பாளர் வீட்டுக்குப் போகவில்லை. வாசலில் வந்து ஓட்டுக் கேட்பவனிடம் பதிலுக்கு ஒன்று கேட்டால் அதைச் சர்ச்சையில் விழுவது என்று எடுத்துக்கொண்டால், அப்புறம் வாயை மூடிக்கொண்டு கும்பிடு போடுகிறவர் மட்டும்தான் சாதாரண ஆள்.

ஆனால் கட்சிக்காரரைக் கூட்டத்தில் நிறுத்தி, பொதுஜனம் போல எழுந்து கேள்வி கேட்க வைக்கிறார்களே, அது? எல்லாக் கட்சியும் செய்கிற வேலை. அங்கே இவர் யார், எந்தப் பொறுப்பில் இருக்கிறார் என்று நிருபர் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால்தான் தப்பு. அந்த எல்லையோடு நிற்க வேண்டும் என்பதே என் பேச்சு. மாமி விஷயத்தில் கட்சி உறுப்பினரா என்று விசாரித்தார்கள், இல்லை என்று தெரிந்தது. அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம்.

முடியவில்லை. எங்கள் மாவட்டத்தில் அடுத்து என்ன தேடுவார்கள் என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும். வீட்டில் மாட்டியிருப்பது குருசா (சிலுவை), சாமி படமா? கேமரா சுவரில் ஊர்ந்தபோதே மாமா புரிந்துகொண்டு விளக்கை அணைத்துவிட்டார். 1982 மண்டைக்காட்டு மதக் கலவரத்தைப் பார்த்த தலைமுறை அவர். பெயரை வைத்து, படத்தை வைத்து, 'ஓஹோ, அந்த ஆட்களா' என்று ஒரு கூட்டம் கிளம்பினால் அது எங்கே போகும் என்று சென்னையிலோ நொய்டாவிலோ தலைப்பு எழுதுகிறவருக்குத் தெரியாது. கீழே வந்த கருத்துகளில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். சானலைப் பற்றி மூன்று பேர் எழுதியிருந்தார்கள். நான் எண்ணினேன்.

2022 செப்டம்பரில் இதே மார்த்தாண்டத்தில் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் சிலர் நடைப்பயணம் வந்த ராகுல் காந்தியோடு பேசினார்கள். அதில் ஒருவர், உங்களுக்கு ஒரு தமிழ்ப் பெண்ணைக் கட்டி வைக்கிறோம் என்று பகடி பண்ணினார். நாடு முழுக்கச் செய்தியானது. அவர் வீட்டில் பிரிட்ஜ் இருக்கிறதா என்று எந்தக் கேமராவும் போனதாக நான் பார்க்கவில்லை. கல்யாணப் பேச்சால் யாருக்கும் நட்டமில்லை. மாமியின் கேள்வியால் ஒரு தரப்புக்கு ஓட்டுக் குறையும் என்று யாரோ நினைத்தார்கள், அதனால் கேட்டவரின் கூரையைப் பிரித்தார்கள். கேள்வி கேட்கப்பட்டவரிடம், 20 வருஷமாக என்ன செய்தீர்கள் என்று எந்த நிருபரும் மைக்கை நீட்டவில்லை. பட்டா பிரிண்ட் எடுக்க ஆகும் நேரத்தில் அதைக் கேட்டிருக்கலாம்.

மாமி அதற்குப் பிறகு இரண்டு ஞாயிற்றுக்கிழமை வெளியே இறங்கவில்லை. மஸ்கட்டிலிருந்து மகன் போன் பண்ணிக் கத்தினான். "உனக்கு எதுக்கும்மா இந்த வேலை?" என்று. நான் போய் மன்னிப்புக் கேட்டேன், முதலில் அனுப்பிவிட்டவன் நான்தானே. "போட்டும் மக்களே, நீ என்ன கண்டா" என்றார். ஆனால் ஓட்டுப் போட மட்டும் போனார். வரிசையில் பின்னால் நின்ற பெண் "வெள்ளம் வந்துட்டா மாமி?" என்று கேட்டிருக்கிறாள். சிரித்தாராம்.

கொஞ்ச நாள் முன்பு வேறொரு யூடியூப் பையன் மைக்கோடு அந்தப் பக்கம் வந்தான். வயது இருபது இருக்கும், சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. நான் அன்று அங்கே இருந்தேன். மக்கள் கருத்து எடுக்கிறோம், ஒரு நிமிஷம் பேசுங்கம்மா என்றான். எனக்கு ஒண்ணும் தெரியாது மக்களே என்று கதவைச் சாத்தப் போனவர், அவன் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றார்.

"வெயில்ல நடந்து வாறியே, வெள்ளம் வேணுமா?"

பையன் அவசரமாகக் கேமராவை ஆன் பண்ணினான்.