மே மாதம் ரயிலில் காசிக்குப் போகிறோம். ஃபிரிட்ஜில் வைக்க வேண்டிய எடைக்குறைப்பு ஊசியை எப்படி எடுத்துப் போவது?

எடுத்துப் போகத்தான் வேண்டுமா என்பதை முதலில் பார்த்துவிடுங்கள். மௌன்ஜாரோ பேனா (பேனா வடிவில் வரும் எடைக்குறைப்பு ஊசி), வாரம் ஒரு ஊசி, காசி, கயா, பிரயாக்ராஜ் போய்த் திரும்ப எட்டு நாள் என்று எழுதியிருக்கிறீர்கள். எட்டு நாள்தான் என்றால் பேனாவை வீட்டு ஃபிரிட்ஜிலேயே விட்டுவிட்டுப் போக வழி இருக்கிறது.

மௌன்ஜாரோவில் இரண்டு ஊசிகளுக்கு நடுவே குறைந்தது 72 மணி நேரம் இருந்தால் போடும் கிழமையை மாற்றிக்கொள்ளலாம். நாள் தவறினால் 4 நாளுக்குள் போட்டுக்கொள்ளலாம். அதையும் தாண்டிவிட்டால் அந்த ஊசியை விட்டுவிட்டு, அடுத்த வழக்கமான நாளில் போட வேண்டும். இதெல்லாம் பேனாவோடு வரும் தாளிலேயே இருக்கிறது. ரயில் ஏறுவதற்கு இரண்டு நாள் முன்னால் போட்டால், ஏறும் நாளும் எட்டில் ஒன்று என்பதால் திரும்பி வரும்போது ஒன்பது நாள் ஆகியிருக்கும். இரண்டு நாள் தாமதம், அவ்வளவுதான். கிளம்பும் அன்றே போட வேண்டாம் என்று சொல்வேன். பலருக்கு முதல் இரண்டு நாள்தான் குமட்டல் அதிகம், அதை ரயிலில் படக்கூடாது. டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மாற்றுங்கள். சர்க்கரைக்கு இன்சுலினும் போடுபவர் என்றால் கட்டாயம் கேளுங்கள். இதே போன்ற வாராந்திர ஊசிகளான வெகோவி, ஒசெம்பிக் போடுபவர்களுக்கு இந்த நாள் கணக்கு வேறு, அவரவர் தாளைப் பார்க்க வேண்டும்.

இல்லை, கூடவே கொண்டு போக வேண்டியிருக்கிறது என்றால், 30 என்ற ஒரே எண்ணை மனதில் வையுங்கள். பிரிக்காத பேனாவின் இடம் ஃபிரிட்ஜ், 2 முதல் 8 டிகிரி. நான்கு வார மருந்து அடங்கிய பேனாவில் முதல் ஊசி போட்டுவிட்டால், 30 டிகிரிக்கு மேல் போகாமல் வெளியே 30 நாள் வரை வைத்துப் பயன்படுத்தலாம். அதனால் ஏற்கெனவே போட ஆரம்பித்த பேனாவை எடுத்துப் போங்கள், புதுசை வீட்டில் விடுங்கள்.

ஆனால் மே மாதம் நம் வீட்டு ஹாலே 33, 34 டிகிரியில் இருக்கும். காசியில் வெளியே 42, 43 சாதாரணம். ஆகவே 'வெளியே வைக்கலாம்' என்பதைப் படித்துவிட்டு தோள்பையில் போட்டுக்கொண்டு நடக்கக் கூடாது. வெயிலில் நிறுத்திய காரில் ஒரு மணி நேரம் விட்டாலே போதும், உள்ளே 50 டிகிரி தாண்டிவிடும்.

சூட்டுக்குப் பயந்து பலர் செய்வது அதைவிட மோசம். ஃபிரீசரில் கல்லாக உறைந்த ஜெல் பேக்கை எடுத்துப் பேனா மேலேயே வைத்துக் கட்டிவிடுகிறார்கள். இந்த மருந்து ஒருமுறை உறைந்தால் முடிந்தது, அப்புறம் கரைந்து தெளிவாக இருந்தாலும் போடக் கூடாது. தடுப்பூசி போட வரும் கிராம சுகாதார செவிலியர்களைக் கவனித்திருக்கிறீர்களா? ஐஸ் பேக்கைக் கொஞ்ச நேரம் வெளியே வைத்து, காதருகே ஆட்டிப் பார்த்து, உள்ளே தண்ணீர் அசையும் சத்தம் கேட்ட பிறகுதான் பெட்டியில் வைப்பார்கள். சில தடுப்பூசிகளும் உறைந்தால் கெட்டுவிடும் என்பதால் அந்தப் பழக்கம். நீங்களும் அதையே செய்யுங்கள். ஜெல் பேக் வியர்க்கட்டும், பேனாவைத் துண்டில் சுற்றுங்கள், இரண்டும் நேராக ஒட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் எடுத்துப் போவது வாய் அகலமான ஸ்டீல் ஃபிளாஸ்க். முந்தின இரவு குளிர்ந்த தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் கொட்டித் துடைத்துவிட்டு, பேனாவை ஒரு காட்டன் துணியில் சுற்றி உள்ளே இறக்குவேன். வயர் நுனியில் முனை இருக்கும் சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, அதையும் உள்ளே விட்டுவிடுவேன். கங்கா காவேரி எக்ஸ்பிரஸில் ஏசி பெட்டிக்கு ஐஸே தேவையில்லை. நாக்பூரில் கதவைத் திறந்தால் முகத்தில் அடிக்கும் காற்று அடுப்பங்கரை மாதிரி இருந்தது, ஃபிளாஸ்குக்குள் 23 காட்டியது. ஜன்னல் பக்கம் வெயில் விழும் இடத்தில் மட்டும் வைக்காதீர்கள். ஸ்லீப்பரில் போவதானால் கதை வேறு, ஜெல் பேக்கும் பெட்டியும் இல்லாமல் முடியாது.

தண்ணீரில் நனைத்து வைக்கும் இன்சுலின் பைகளும் உண்டு. நீர் ஆவியாகும்போது குளிரும், ஐஸ் வேண்டாம், உறையும் பயமும் இல்லை. காசியின் மே மாத வறண்ட காற்றில் அவை அருமையாக வேலை செய்யும். சென்னைப் புழுக்கத்தில் அவ்வளவு எதிர்பார்க்க முடியாது. காற்றுப் பட வேண்டும், பிளாஸ்டிக் கவரில் போட்டு மூடிவிட்டால் பயனில்லை.

லாட்ஜ் ஃபிரிட்ஜை நம்புவதற்கு முன் ஒன்று பாருங்கள். பல இடங்களில் கதவருகே இருக்கும் கார்டை உருவினால் அறையின் கரண்டே போய்விடும், ஃபிரிட்ஜும் சேர்ந்து நின்றுவிடும். நாள் முழுக்கக் கோயில், படித்துறை என்று சுற்றிவிட்டு வந்தால் உள்ளே வெதுவெதுப்பாக இருக்கும். கரண்ட் நிற்காது என்று ரிசப்ஷனில் கேட்டுக்கொண்ட பிறகே வையுங்கள். அப்போதும் பின்சுவரையோ ஐஸ் தட்டையோ ஒட்டி வைக்காமல் கதவுத் தட்டில் வையுங்கள்.

போட்டு முடித்த பிறகு ஊசி முனையைப் பேனாவில் மாட்டியபடியே வைக்காதீர்கள். மருந்து கசியும், காற்றுக் குமிழ் ஏறும். போட்டு முடித்த முனைகளுக்கு ஒரு கெட்டிப் பிளாஸ்டிக் டப்பா எடுத்துப் போங்கள். லாட்ஜ் குப்பைக்கூடையைக் கையால் அள்ளுபவர் ஒருவர் இருக்கிறார், அவர் கையில் குத்தக்கூடாது.

திரும்பும்போது விமானம் என்றால் கைப்பையில்தான் வைக்க வேண்டும். கீழே போகும் லக்கேஜில் போட்டால் உறைந்துபோக வாய்ப்புண்டு, பெட்டி வேறு ஊருக்குப் போனாலும் போனதுதான். டாக்டர் சீட்டும் மருந்தின் அட்டைப்பெட்டியும் கூட இருக்கட்டும், செக்யூரிட்டியில் கேட்டால் காட்டலாம். எக்ஸ்ரேயில் போனால் மருந்துக்கு ஒன்றும் ஆகாது.

எவ்வளவு பார்த்துக்கொண்டாலும் ஒரு மதியம் வெயிலில் மாட்டிக்கொள்ளலாம். அப்போது மருந்தின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கலங்கியிருந்தால் கெட்டது உறுதி, தெளிவாக இருந்தாலும் நல்லது என்று சொல்ல முடியாது. பேனாவுக்குப் பல ஆயிரம் ரூபாய் கொடுத்திருக்கிறோம், தூக்கிப்போட மனம் வராது என்பது தெரியும். ஆனாலும் 30 தாண்டியது தெரிந்தால் போடாமல் அந்த வாரத்தை விட்டுவிடுங்கள், டாக்டருக்கோ கம்பெனியின் உதவி எண்ணுக்கோ போன் செய்து எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம் என்று சொல்லிக் கேளுங்கள். இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து விட்டுப்போனால் மறுபடி எந்த அளவில் ஆரம்பிப்பது என்பதையும் அவரிடமே கேளுங்கள், பழைய அளவிலேயே நீங்களாகத் தொடராதீர்கள்.