மாவு அரைப்பது பாதி உழைப்புதான்

மகன் பி.இ. முடித்துவிட்டு இட்லி மாவு வியாபாரம் தொடங்கப் போகிறேன் என்கிறான், ராப்பகலாக உழைப்பேன் என்று சத்தியம் செய்கிறான், கடனுக்கு வீட்டுப் பத்திரத்தைக் கேட்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பயம் நியாயமானது, அம்மா. அவன் உழைப்பான் என்றே வைத்துக்கொள்வோம். எதில் உழைக்கப் போகிறான் என்று கேட்டீர்களா?

அரைக்கிற வேலையைக் கிரைண்டர் பார்த்துக்கொள்ளும். விடியுமுன் கடை கடையாகப் பாக்கெட் போடுவது, விற்காததைத் திரும்ப எடுப்பது, "நாளைக்கு வாங்கிக்கப்பா" என்கிற கடைக்காரரிடம் மறுநாளும் முகம் கோணாமல் போய் நிற்பது, இவைதான் பெரும்பாடு. படித்த பிள்ளைகள் பலர் சறுக்குவது இந்த வசூலில்தான், கூச்சம் விடாது. சித்திரை வெயிலில் மாவு சீக்கிரம் புளித்துப் பாக்கெட் உப்பிவிடும். மார்கழியில் பொங்கவே அடம்பிடிக்கும். எந்த மாதம் எவ்வளவு அரைப்பது என்பது தினமும் இரவு நோட்டில் எழுதுகிறவனுக்குத்தான் பிடிபடும். அதற்குச் சோம்பல்பட்டால், பகலெல்லாம் ஓடியும் காசு எங்கே போனதென்று தெரியாது.

கவின்கேர் நிறுவனர் சி.கே. ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாயில் தொடங்கியவர். சிக் ஷாம்பு பாக்கெட்டை விற்க அவருடைய ஆட்கள் கிராமம் கிராமமாகப் போய்த் தலையில் தேய்த்துக் காட்டினார்கள். காலிப் பாக்கெட்டுகளைக் கொடுத்தால் புதுப் பாக்கெட் இலவசம் என்றார்கள். வாங்குகிறவரைத் தேடிப் போன உழைப்பு அது.

சரி, இப்போது என்ன செய்யலாம்? உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துவிட்டு, மூன்று மாதம் வீட்டுக் கிரைண்டரிலேயே அரைத்து நாலைந்து கடைகளுக்குப் போடட்டும். சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம். அதற்குக் காசு கேட்கும் ஏஜென்ட் பக்கமே போக வேண்டாம். அப்புறம் அந்தக் கணக்கு நோட்டோடு வங்கிக்குப் போகலாம். மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில், சிசு என்கிற பிரிவில் 50,000 ரூபாய் வரை அடமானம் இல்லாமலே கடன் உண்டு. பெரிதாகச் செய்ய நினைத்தால் மாவட்டத் தொழில் மையத்தில் மானியத் திட்டங்களை விசாரிக்கட்டும். பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.

உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பாதி பாக்கெட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு அவன் வருகிற நாளில், "அப்பவே சொன்னேனே" என்று ஆரம்பிக்காதீர்கள். எந்தக் கடையில் திரும்பியது, ஏன் திரும்பியது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தால் தைரியமாக விடலாம்.