டீசல் யார் போடுகிறார்கள்? நிறுவனங்களுக்கு எலக்ட்ரிக் லோடு ஆட்டோ விற்பது குறித்த கேள்வி பதில்

எலக்ட்ரிக் லோடு ஆட்டோக்களை ஒற்றை வண்டியாக இல்லாமல் ஐந்து, பத்து என்று நிறுவனங்களுக்கு விற்க முயல்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை.

கேள்வி (சென்னை, டீலர் விற்பனைப் பிரிவு): சார், டைரக்டரி பார்த்து 200 கம்பெனிக்கு போன் போட்டாச்சு. "மெயில் அனுப்புங்க" என்பதற்கு மேல் யாரும் பேசவில்லை. எங்கே ஆரம்பிக்கணும்?

பதில்: குடோன் வாசலில். காலை ஐந்தரை மணிக்கு மாதவரம், செங்குன்றம் பக்கம் போய் லோடு ஏற்றும் வண்டிகளைப் பாருங்கள். நமக்கு வேண்டியது கம்பெனியின் பெயரோ அளவோ அல்ல, வண்டியின் ஓட்டம். தினமும் ஒரே இடத்தில் கிளம்பி இரவு அதே இடத்துக்குத் திரும்ப வேண்டும். நாளுக்கு 60 முதல் 100 கிலோமீட்டர் ஓட வேண்டும். ஒரு நடைக்கு 500 கிலோவுக்குள் ஏற்ற வேண்டும். சோப்பு, பிஸ்கட் ஏஜென்சிகள், மருந்து மொத்த வியாபாரிகள், பால், பிரெட் விநியோகம், தண்ணீர் கேன், கூரியர் எல்லாம் இந்த வகையில் வரும்.

டிரைவரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: வண்டி யார் பெயரில் இருக்கிறது? டீசல் யார் போடுகிறார்கள்? பெரும்பாலும் வண்டியில் ஒட்டியிருக்கும் கம்பெனிக்கும் வண்டிக்கும் சம்பந்தம் இருக்காது. அது மாத வாடகைக்கு அட்டாச் செய்த வண்டி. டீசல் செலவு ஒப்பந்தக்காரர் தலையில் இருந்தால் மிச்சமாகும் பணமும் அவருக்குத்தான். வண்டி வாங்கப்போவது அவர்தான். டீசலைத் தனியாகக் கொடுக்கும் கம்பெனி என்றால் அந்தக் கம்பெனியின் கணக்குப் பிரிவில் பேசுங்கள். மிச்சம் ஒருவருக்கும் கடன் இன்னொருவருக்கும் போகும் இடத்தில் எவ்வளவு பேசினாலும் ஆர்டர் வராது.

கேள்வி (அம்பத்தூர்): ஆன்லைன் வியாபார கம்பெனிகள் எல்லாம் எலக்ட்ரிக்குக்கு மாறுவதாகச் சொல்கிறார்களே, அவர்களைப் பிடிக்க முடியாதா?

பதில்: 2025-க்குள் 10,000 மின்வண்டிகள் என்று அமேசான் இந்தியா அறிவித்தது. 2030-க்குள் டெலிவரி வண்டிகள் முழுவதையும் மாற்றுவதாக ஃபிளிப்கார்ட் சொன்னது. ஆனால் இவர்களின் டெலிவரி வண்டிகளில் பெரும்பகுதி டெலிவரி பார்ட்னர்களும் போக்குவரத்து ஒப்பந்தக்காரர்களும் கொடுப்பவை. எனவே தலைமை அலுவலகத்துக்கு மெயில் அனுப்பிக் காத்திருக்காமல், பக்கத்து ஹப்பில் (பார்சல்கள் பிரித்து அனுப்பும் இடம்) எந்தெந்த வெண்டார் வண்டி ஓடுகிறது என்று விசாரித்து அவர்களிடம் போங்கள்.

அந்த வெண்டாரின் பயம் நியாயமானது. அவர் கையில் இருப்பது 11 மாதமோ ஒரு வருடமோ ஓடும் ஒப்பந்தம். வண்டிக் கடனோ மூன்று, நான்கு வருடம். இடையில் ஒப்பந்தம் போனால் இஎம்ஐ கழுத்தைப் பிடிக்கும். குத்தகை வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் வண்டியை வேறு வேலைக்கும் திருப்பிவிடும்படி பாடி கட்டச் சொல்லுங்கள். ஒரே கம்பெனியின் பெட்டி அளவுக்குக் கட்டிய கன்டெய்னர், ஒப்பந்தம் முடிந்த மறுநாள் பாரம்தான்.

கேள்வி (திருப்பூர்): அண்ணா, இங்கே பனியன் கம்பெனிகளுக்கு நாள் முழுக்க லோடு ஆட்டோ ஓடுது. நல்ல மார்க்கெட்தானே?

பதில்: பார்வைக்கு அப்படித்தான் தெரியும். நிட்டிங்கிலிருந்து டையிங், அங்கிருந்து துணியின் சுருக்கத்தைச் சரிசெய்யும் காம்பாக்டிங், பிறகு கட்டிங் என்று துணி ஊருக்குள்ளேயே சுற்றுகிறது. நடை நிறைய, தூரம் குறைவு, காத்திருப்பு அதிகம். நாள் முழுக்க வேலை பார்க்கும் வண்டியின் மீட்டர் 40 கிலோமீட்டர்தான் காட்டும் என்றால் டீசல் மிச்சத்தில் கடன் அடையாது. ஏழு நாள் காலையும் இரவும் மீட்டரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 60-ஐத் தாண்டும் வண்டிகளை மட்டும் தனியாக எடுங்கள்.

இன்னொரு வழி, வெளிநாட்டு பையர்களிடமிருந்து கார்பன் கணக்குக் கேள்விகள் வரும் ஏற்றுமதியாளர்கள். அவர்களுக்கு மின்வண்டியால் பணம் தாண்டியும் ஒரு பயன் உண்டு. அவர்களிடம் மிச்சக் கணக்கை ஊதிக் காட்ட வேண்டியதில்லை, உள்ளதைச் சொன்னாலே போதும்.

கேள்வி (கோவை): அந்த மிச்சக் கணக்கை எப்படிப் போட்டுக் காட்டுவது?

பதில்: ஒரே தாளில், அவர்களுடைய எண்களை வைத்து. உதாரணத்துக்கு டீசல் லிட்டர் 92 ரூபாய், மைலேஜ் 25 என்றால் கிலோமீட்டருக்கு 3.68 ரூபாய். மின்வண்டி 80 கிலோமீட்டர் ஓட, சார்ஜர் இழப்பையும் சேர்த்து 9 யூனிட் என்று வையுங்கள். யூனிட் 10 ரூபாய் என்றால் 90 ரூபாய், அதாவது கிலோமீட்டருக்கு 1.13. மிச்சம் ஏறக்குறைய 2.55. நாளுக்கு 80 கிலோமீட்டர், மாதம் 26 நாள் என்றால் 2,080 கிலோமீட்டர். மாத மிச்சம் சுமார் 5,300 ரூபாய். அதே வண்டி 40 கிலோமீட்டர் ஓடினால் 2,650-தான்.

இஎம்ஐயில் டீசல் வண்டியைவிட 3,500 கூடுதல் என்று வையுங்கள். 80 கிலோமீட்டர் ஓட்டும் முதல் வாடிக்கையாளருக்கு முதல் மாதமே லாபம், 40 ஓட்டும் இரண்டாமவருக்கு மாதாமாதம் நஷ்டம். இரண்டாமவருக்கு விற்காதீர்கள். ஒரு ஏரியாவில் வண்டி வாங்கி நொந்தவர் ஒருவர் இருந்தால், பக்கத்துக் குடோன் ஆட்கள் உங்களை உள்ளேயே விடமாட்டார்கள்.

கேள்வி (தாம்பரம்): தண்ணீர் கேன் கம்பெனியில் டெமோ கொடுத்தோம். ஒரு சார்ஜுக்கு 120 கிலோமீட்டர் என்று கேட்லாக்கில் போட்ட வண்டி 62-ல் நின்றுவிட்டது. ஆர்டர் போச்சு.

பதில்: எத்தனை கேன் ஏற்றினார்கள்? 20 லிட்டர் கேன் நிரப்பினால் சுமார் 21 கிலோ. 550 கிலோ பேலோடு (ஏற்றக்கூடிய எடை) உள்ள வண்டிக்கு 26 கேன்தான் கணக்கு. பழக்கத்தில் 40 ஏற்றிவிடுவார்கள். அது 840 கிலோ. அதோடு டயரில் காற்றுக் குறைவு, மேம்பால ஏற்றம், முந்தின இரவு பாதியில் பிடுங்கிய சார்ஜ் எல்லாம் சேர்ந்தால் 62 வந்ததே பெரிது.

கேட்லாக் தூரம் சோதனை நிலையில் அளந்தது. 2022-ல் வந்த டாடா ஏஸ் இவி-க்குச் சான்றளித்த தூரம் 154 கிலோமீட்டர். நகர நெரிசலில் முழு லோடுடன் அதே எண் வரும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்கக் கூடாது. எந்த வண்டியானாலும் கேட்லாக் எண்ணில் 65, 70 சதவீதத்தை மட்டும் சொல்லுங்கள். டெமோவை மூன்று நாளாக வையுங்கள். முதல் நாள் எடை மேடையில் லோடை நிறுத்துப் பாருங்கள், டிரைவர் பக்கத்தில் நீங்களே உட்காருங்கள். பேட்டரி 20 சதவீதத்துக்கு வந்தால் வண்டியைத் திருப்பச் சொல்லுங்கள். டிரைவருக்குப் பிடிக்காத வண்டியை முதலாளி வாங்கமாட்டார். "ஏற்றம் ஏறல சார்" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது.

கேள்வி (ஓசூர்): வாடகைக் குடோன். ஐந்து வண்டிக்கு சார்ஜிங் எப்படி?

பதில்: விலைப் பட்டியல் கொடுப்பதற்கு முன்பே எலக்ட்ரீஷியனைக் கூட்டிப் போங்கள். 16 ஆம்பியர் பாயின்ட் ஒவ்வொன்றும் 3 கிலோவாட் வரை இழுக்கலாம். ஐந்தும் ஒன்றாகப் போட்டால் 15 கிலோவாட். சிங்கிள் பேஸ் தாங்காது. த்ரீ பேஸும் கூடுதல் லோடு அனுமதியும் வேண்டும், அதற்குக் கட்டட உரிமையாளரின் சம்மதமும் வேண்டும். ஆர்டர் கிடைத்த பிறகு டெலிவரி மாதக்கணக்கில் இழுப்பது இங்கேதான். அனுமதி வரும்வரை இரவு எட்டு மணிக்கு இரண்டு, பன்னிரண்டுக்கு இரண்டு, விடியற்காலை ஒன்று என்று முறை வைத்தும் ஓட்டலாம்.

ஒவ்வொரு பாயின்டுக்கும் தனி எம்சிபி (லோடு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்), 4 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர், சரியான எர்த். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. மணிக்கணக்கில் முழு லோடு ஓடும்போது பிளக் உருகிவிடும்.

கேள்வி (கிண்டி): பெரிய லிஸ்டட் கம்பெனிகளில் யாரைப் பார்ப்பது?

பதில்: சந்தை மதிப்பில் முதல் 1,000 லிஸ்டட் (பங்குச்சந்தையில் பட்டியலிட்ட) கம்பெனிகள் 2022-23 முதல் பிஆர்எஸ்ஆர் என்ற பொறுப்பறிக்கையை வெளியிட வேண்டும் என்பது பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதி. ஆண்டறிக்கையோடு இலவசமாகக் கிடைக்கிறது. அதில் ஆறாவது கோட்பாடு சுற்றுச்சூழல். போக்குவரத்துப் புகையைக் குறைப்பதாக அங்கே எழுதியிருந்தால், அந்தப் பக்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டு லாஜிஸ்டிக்ஸ் தலைவரைப் பாருங்கள்.

கேள்வி (மதுரை): மானியம், பெர்மிட் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது?

பதில்: ஜிஎஸ்டி 5 சதவீதம். பேட்டரி சரக்கு வண்டிக்கு 2018 முதல் பெர்மிட் தேவையில்லை. இது பலருக்குத் தெரியாது, முதலிலேயே சொல்லுங்கள். மத்திய மானியத்தை நம்பி விலை சொல்லாதீர்கள். 2024 அக்டோபரில் பிஎம் இ-டிரைவ் என்ற மத்திய மானியத் திட்டம் தொடங்கியபோது பேட்டரித் திறனில் ஒரு கிலோவாட்-மணிக்கு (ஒரு யூனிட்டுக்கு) 5,000 ரூபாய் என்றிருந்தது, அடுத்த ஆண்டுக்கு 2,500 என்று வைத்தார்கள். கொட்டேஷன் போடும் அன்று சரிபார்த்து, மானியம் இல்லாமலே கணக்கு நிற்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி (சேலம்): ஒரு ஏஜென்சியில் 20 வண்டி ஓடுகிறது. மொத்தமாகக் கேட்கலாமா?

பதில்: இரண்டு கேளுங்கள், அதிக தூரம் ஓடும் ரூட்டுக்கு. பேட்டரி வாரண்டித் தாளில் எத்தனை வருடம், எத்தனை கிலோமீட்டர், எத்தனை சதவீதம் வரை திறன் குறைந்தால் மாற்றுவார்கள் என்பதை அவர் முன்னாலேயே படித்துக் காட்டுங்கள். வண்டி நின்றால் 24 மணி நேரத்தில் மாற்று வண்டி என்று எழுதிக் கொடுங்கள். பேட்டரியைவிட, வண்டி நின்றால் அன்றைய சரக்கு போகாதே என்பதுதான் அவருடைய பயம். தினமும் ஓடிய தூரம், ஏறிய யூனிட் இரண்டையும் டிரைவரை எழுதவையுங்கள். 30-ஆம் நாள் அந்த நோட்டையும் அதே மாதத்து டீசல் பில்லையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, மூன்றாவது வண்டி எந்த ரூட்டுக்கு என்று கேளுங்கள்.