கோல் விழும்போது அப்பா எங்கே இருந்தார்?

வாசகி கேள்வி: என் கணவர் 9 ஆண்டுகள் வளைகுடா நாட்டில் வேலை பார்த்துவிட்டுச் சென்ற ஆண்டு ஊருக்கே திரும்பிவிட்டார். மகனுக்கு 12 வயது. கால்பந்து என்றால் அவனுக்கு உயிர். அப்பா ஏதாவது கேட்டால் என்னைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்கிறான். கல்லூரி விடுதியில் இருக்கும் மகள் விடுமுறைக்குக்கூட வர மறுக்கிறாள். ‘பெர்னின் அதிசயம்’ என்ற ஜெர்மன் படத்தைச் சேர்ந்து பார்த்தால் அப்பாவும் பிள்ளையும் ஒட்டிக்கொள்வார்கள் என்று என் தம்பி சொன்னான். பார்த்தோம். முயல் காட்சியில் அவர் எழுந்து வெளியே போய்விட்டார். அதன்பிறகு அந்தப் படத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. காட்டியது தவறா? மகனோடு ஒரு மேட்சுக்கு அனுப்பிவைத்தால் சரியாகிவிடுமா? — ஒரு வாசகி, சென்னை

அன்புச் சகோதரிக்கு,

காட்டியதில் எந்தத் தவறும் இல்லை. உங்கள் கணவர் எழுந்து போன இடத்தைப் பாருங்கள். படம் சலித்துப்போனவர் அந்த இடத்தில் எழுந்திருக்க மாட்டார். அங்கே எழுந்தவருக்குக் கதை நன்றாகவே புரிந்திருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன்.

படம் பார்க்காத வாசகர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சோன்கே வோர்ட்மன் இயக்கி 2003இல் வெளிவந்த படம். கதை நடப்பது 1954இல், ஜெர்மனியின் ரூர் நிலக்கரிப் பகுதியில் உள்ள எஸ்ஸன் நகரத்தில். ரிச்சர்ட் லுபான்ஸ்கி என்ற சுரங்கத் தொழிலாளி சோவியத் போர்க்கைதி முகாமில் கிடந்துவிட்டு 11 ஆண்டுகள் கழித்து வீடு திரும்புகிறார். ரயில் நிலையத்தில் இறங்கியவர், வளர்ந்து நிற்கும் மகளை மனைவி என்று நினைத்துக் கட்டிக்கொள்கிறார். மத்தியாஸ் என்று ஒரு கடைசிப் பையன் பிறந்திருப்பதே அவருக்குத் தெரியாது. மனைவி கிறிஸ்டா மதுக்கடை நடத்திக் குடும்பத்தைத் தாங்கியிருக்கிறாள். மூத்தவன் புரூனோவுக்குப் பொதுவுடைமையில் பிடிப்பு, இசைக் குழுவில் வாசிக்கிறான். மத்தியாஸோ அப்பா இல்லாத இடத்தில் ஹெல்முட் ரான் என்ற ஆட்டக்காரரை வைத்துக்கொண்டான். அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு பயிற்சிக்குக் கூடவே போகிறான். ரான் கற்பனைப் பாத்திரம் இல்லை, எஸ்ஸன் அணிக்கு ஆடிய நிஜ வீரர். நீ இருந்தால்தான் முக்கியமான ஆட்டங்களில் என்னால் ஜெயிக்க முடிகிறது என்று படத்தில் அவர் பையனிடம் சொல்கிறார். ஒரு பிள்ளைக்கு இதைவிட என்ன வேண்டும்?

திரும்பி வந்தவருக்கு வீட்டில் வேலையே இல்லை. எல்லாம் அவர் இல்லாமலே நடந்துகொண்டிருக்கிறது. ஆகவே தனக்குத் தெரிந்த ஒன்றை, அதிகாரத்தை, கையில் எடுக்கிறார். பையனை அறைகிறார். ஜெர்மன் பையன்கள் அழமாட்டார்கள் என்கிறார். சுரங்கத்துக்குள் இறங்கினாலோ அங்கே கேட்கும் இரைச்சல் அவரைப் போர்க்களத்துக்கே கொண்டுபோய்விடுகிறது. இந்த நிலையில்தான் மனைவியின் பிறந்தநாள் வருகிறது. வீட்டில் எல்லோருக்கும் பரிசு தருகிறார், விருந்தும் ஏற்பாடு செய்கிறார். மேசையில் இருந்தது மத்தியாஸ் வளர்த்த முயல்களின் கறி.

அந்த ஆள் கொடுமைக்காரர் என்றுதான் பலரும் இந்தக் காட்சியைப் புரிந்துகொள்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. படம் முழுவதிலும் ரிச்சர்ட் மனதார நல்லது செய்ய முயலும் முதல் நாள் அது. பட்டினி முகாமிலிருந்து வந்தவருக்கு முயல் என்றால் இறைச்சி. தன் குடும்பத்துக்கு வயிறார ஒரு வேளைச் சோறு போட நினைத்தார். அந்த முயல்களுக்குப் பெயர் உண்டு, அவற்றோடு பேச ஒரு பிள்ளை உண்டு என்பதை அறிந்துகொள்ள அவர் அங்கே இருந்திருக்க வேண்டும். அவர் இல்லை. உங்கள் கணவர் 9 ஆண்டுகள் சம்பாதித்து அனுப்பியவர். உங்கள் வீட்டிலும் அவர் ஆசையாகச் செய்த ஏதோ ஒன்று பிள்ளைகளுக்கு இப்படி ஆகியிருக்கலாம். விற்றுவிட்ட பழைய சைக்கிளாக இருக்கலாம், மாற்றிய பள்ளியாக இருக்கலாம். அது எது என்று யோசித்துப் பாருங்கள். மகனிடம் கேட்டால் உடனே சொல்லிவிடுவான்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. 1954 ஜூலை 4, ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரில் வாங்க்டோர்ஃப் மைதானத்தில் உலகக் கோப்பை இறுதிப் போட்டி. எதிரே நான்கு ஆண்டுகளாகத் தோல்வியே அறியாத ஹங்கேரி. அதே தொடரில் முந்தைய மோதலில் ஜெர்மனியை 8–3 என்று நொறுக்கிய அணி. இறுதிப் போட்டியிலும் எட்டே நிமிடங்களில் இரண்டு கோல்கள் போட்டுவிட்டது. மழையில் ஜெர்மனி சமன் செய்தது. 84ஆவது நிமிடத்தில் ரான் அடித்த கோலில் 3–2 என்று வென்றது. அந்த அணியின் தலைவர் ஃபிரிட்ஸ் வால்டரும் போர்க்கைதியாக இருந்தவர்தான். முகாமில் காவலர்களோடு பந்தாடியதால் சோவியத்துக்கு அனுப்பப்படாமல் தப்பியவர். ரிச்சர்டுக்குக் கிடைக்காத அதிர்ஷ்டம் அது. படம் இதை வலியுறுத்துவதில்லை, ஆனால் தெரிந்துகொண்டு பார்த்தால் மனம் கனக்கும்.

படத்தில் ரானின் வெற்றிக் கோல் விழும் நேரம் மத்தியாஸ் மைதானத்துக்குள் இருக்கிறான். அப்பா அவன் பக்கத்தில் இல்லை. பையன் மட்டும் எப்படியோ உள்ளே நுழைந்துவிட்டான். அப்பாவையும் மகனையும் சேர்த்துவைத்தது மேட்ச் என்று உங்கள் தம்பி நினைக்கிறார். படமோ அந்த நொடியில் இருவரையும் ஒரே சட்டகத்தில் வைக்கவே இல்லை. வைக்கத் தேவையும் இல்லை, ஏனென்றால் சேர வேண்டியது அதற்கு முன்பே சேர்ந்துவிட்டது. கிறிஸ்டா தன் கணவரைப் பார்த்து, நாங்கள் உன்னை விட்டால் போதும் என்று இருக்கவில்லை, நீதான் எங்களிடம் குற்றம் தேடுகிறாய் என்கிற பொருளில் வெடிக்கிறாள். அவர் பாதிரியாரிடம் போய்ப் பேசுகிறார். பிறகு ஒருவழியாகத் தன் குடும்பத்தாரிடம் முகாமில் பட்டதைச் சொல்கிறார். அதுவரை மிரட்டும் ஆளாக இருந்தவர் அன்றுதான் பிள்ளைகளுக்கு ஒரு மனிதராகத் தெரிகிறார். அதன்பிறகே பாதிரியாரிடம் காரை இரவல் வாங்கிக்கொண்டு பையனோடு பெர்னுக்குக் கிளம்புகிறார். நீண்ட தூரம், பக்கத்துப் பக்கத்தில் இருவரும். முகத்தை முகம் பார்த்துப் பேச முடியாதவர்களுக்கு அந்த இருக்கைகள் பெரிய உதவி. (ரிச்சர்டாக நடித்த பீட்டர் லோமையரும் மத்தியாஸாக நடித்த லூயிஸ் கிளாம்ரோத்தும் நிஜத்திலும் அப்பாவும் மகனுமே. அந்தக் காட்சிகளின் இயல்புக்கு அதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றும்.)

ஆகவே டிக்கெட் வாங்குவதற்கு முன் அந்த 9 ஆண்டுகள் வீட்டில் பேசப்பட வேண்டும். எந்த அறையில் எத்தனை பேரோடு படுத்தார், காய்ச்சல் வந்தபோது யார் பார்த்துக்கொண்டார், பண்டிகை அன்று என்ன செய்தார். இவை எதுவும் மகனுக்குத் தெரிந்திருக்காது. அவனுக்கு அப்பா என்பவர் தொலைபேசியில் மதிப்பெண் கேட்ட ஒரு குரல். நீங்கள் கேளுங்கள், பையன் அருகில் இருக்கும்போது கேளுங்கள். வற்புறுத்த வேண்டாம். முயல் காட்சியைப் பற்றியே தொடங்கலாம்: “நீங்கள் எழுந்து போனீர்களே, என்ன தோன்றியது?”

ஆனால் அவர் ஒருவருடைய கதையை மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். இந்தப் படத்தில் எனக்கு இருக்கும் பெரிய மனக்குறை அதுதான். கிறிஸ்டாவின் 11 ஆண்டுகளை யாரும் உட்கார்ந்து கேட்பதில்லை. போருக்குப் பிந்திய ஜெர்மனியில் இப்படிப் பிரிந்து சேர்ந்த எத்தனையோ தம்பதிகளால் தொடர்ந்து வாழ முடியவில்லை. விவாகரத்துகள் 1948 வாக்கில் உச்சத்துக்குப் போயின. தனியாகச் சமாளித்துப் பழகிய பெண்ணும், வெறுங்கையோடு வந்து தலைமையைக் கேட்ட ஆணும் ஒரே கூரையின் கீழ் முட்டிக்கொண்டார்கள். சிப்பாயாகப் போன ரிச்சர்ட் சோவியத் மண்ணில் என்ன செய்தார் என்பதையும் படம் கேட்காமலே விட்டுவிடுகிறது. ஒரு கோப்பையின் மகிழ்ச்சிக்குள் அதெல்லாம் அடங்கிப்போகிறது. அதை என்னால் எளிதாக ஏற்க முடியவில்லை.

இதே மேட்சை இன்னொரு ஜெர்மன் இயக்குநர் நேர்மாறாகப் பயன்படுத்தினார். ஃபாஸ்பிண்டர் 1979இல் வெளியிட்ட ‘மரியா பிரவுனின் திருமணம்’ படத்திலும் போரில் பிரிந்த கணவனும் மனைவியும் கடைசியில் ஒரு வீட்டில் சேர்கிறார்கள். வானொலியில் பெர்ன் இறுதிப் போட்டியின் வர்ணனை. ஹெர்பெர்ட் சிம்மர்மனின் குரல், ஜெர்மனி உலகச் சாம்பியன் என்று கத்துகிறது. அதற்குள் அந்த வீடு எரிவாயு வெடித்துச் சிதறிவிடுகிறது. நாடு ஜெயித்த நேரத்திலேயே ஒரு வீடு அழியலாம் என்று அவர் நம்பினார். இந்தப் படத்தை இப்போது வீட்டில் போடாதீர்கள். ஆனால் நீங்கள் மட்டும் ஒருநாள் பாருங்கள். மரியாவும் கணவன் இல்லாத ஆண்டுகளில் தன்னந்தனியாக எல்லாவற்றையும் கட்டியவள். அந்த ஆண்டுகளுக்கு என்ன விலை கொடுத்தாள் என்பதை அந்தப் படம் முழுக்கக் கேட்கிறது. உங்களுக்கும் சொல்ல 9 ஆண்டுகள் இருக்கின்றன. கணவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

மேட்சுக்குப் போகட்டும், கட்டாயம் போகட்டும். எந்த மேட்ச், எங்கே உட்காருவது என்பதை மகன் முடிவு செய்யட்டும். நீங்கள் கூடப் போக வேண்டாம். உங்களைப் பார்த்துப் பதில் சொல்லும் வழக்கம் அவனை விட்டுப் போக அது ஒன்றே வழி. ஆட்டத்தை விளக்கும் வேலையும் அவனுடையதாகவே இருக்கட்டும். அப்பா கேள்வி கேட்டால் போதும்.

மகள் விஷயத்தில் இந்தப் படத்திடமிருந்து ஆறுதல் எதிர்பார்க்காதீர்கள். புரூனோ கடிதம் எழுதி வைத்துவிட்டுக் கிழக்கு பெர்லினுக்குப் போய்விடுகிறான். தந்தை அதைப் படித்து அழுகிறார், ஜெர்மன் பையன்களும் எப்போதாவது அழலாம் என்று மத்தியாஸ் சொல்கிறான். மூத்தவன் படம் முடியும்வரை திரும்புவதில்லை. அவனை அவ்வளவு தூரம் தள்ளியது, அவன் சொன்ன எதையும் தந்தை காதில் வாங்காததுதான். உங்கள் மகள் தூரத்தில் இல்லை, விடுதியில் இருக்கிறாள். அவளை வரச்சொல்லி அழைப்பதை இப்போதைக்கு நிறுத்துங்கள். உங்கள் கணவர் அவளைப் பார்க்க அங்கே போகட்டும். அறிவுரை எதையும் கொண்டுபோகாமல், அவளுக்கு வசதியான நாளைக் கேட்டுக்கொண்டு, தனியாகப் போகட்டும்.